மாதம் ஒரு பாட்டு: வேலைக்குப் போய்க்கொண்டே பாட்டு எழுதுகிறவர்களுக்கு

போன வாரம் என் போனில் இருக்கிற பதிவுகளை உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து வருஷத்தில் 214. அதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் பாடக்கூடியவை 31. மிச்சம் 183-உம் துணுக்குகள்: பதினைந்து நொடி முனகல், பல்லவி மட்டும் இருக்கிற மெட்டு, பாதியில் குக்கர் விசில் அடித்ததால் நிறுத்திய ஏதோ ஒன்று. 'புதிய பதிவு 147' என்று ஒன்று இருக்கிறது. மூன்று முறை போட்டுக் கேட்டேன். என்ன நினைத்துப் பாடினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நான் பெரம்பூர்க்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. கிட்டார் சுமாராக வரும், குரல் அதைவிடச் சுமார். இசையைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. பாட்டுக் கட்டாமல் இருக்கவும் முடியவில்லை. இதே நிலையில் இருக்கிற புதியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சினிமாவில் வாய்ப்புத் தேடுகிறவர்களுக்கு இதனால் பெரிய பயன் இருக்காது. அது வேறு ஊர், வேறு வழி.

எத்தனை பாட்டு என்றால் நியாயம்?

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கேட்கும்போதே கொஞ்சம் வெட்கப்படுவார்கள், சம்பளத்தைக் கேட்கிற மாதிரி. என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் 2, அடுத்த வருஷம் 3, மூன்றாம் வருஷம் 9, அப்புறம் 8, போன வருஷம் 9. என்னோடு சேர்ந்து எழுதும் மூன்று பேரின் கணக்கும் இதையொட்டித்தான் இருக்கிறது. வேலை, குடும்பம், டிராஃபிக் எல்லாம் போக மாதம் ஒரு பாட்டு முடிக்கிறவர் நல்ல உழைப்பாளி என்பது என் எண்ணம். முதல் வருஷத்தில் நாலு முடித்தாலே போதும்.

வெளியே இதைவிடப் பெரிய இலக்குகள் உண்டு. 2004-இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் 28 நாளில் 14 பாட்டு என்று ஒரு சவால் நடக்கிறது. ஜூலை 4-இல் தொடங்கி 90 நாளில் 50 பாட்டு என்று இன்னொன்று. பல நாட்டு அமெச்சூர்களும் அதில் இறங்குகிறார்கள். மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் நானும் 14-ஐக் குறி வைத்து இறங்கினேன். வந்தது 5. அந்த வருஷத்து 9-இல் பாதிக்கு மேல் அந்த ஒரே மாதத்தில் வந்தது என்பதைப் பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஆக எனக்குக் கற்பனை வறட்சி எதுவும் இருக்கவில்லை. மற்ற பதினொரு மாதமும் ஆரம்பித்துக்கொண்டே இருந்தேன், நாலைத் தவிர எதையும் முடிக்கவில்லை. கீழே சொல்கிற படிகள் எல்லாம் இந்த ஒரு வியாதிக்குத்தான்.

முதல் படி: 'முடிந்த பாட்டு' எது என்று முடிவு கட்டுங்கள்

இதை முதலிலேயே செய்யாவிட்டால் எந்தப் பாட்டும் முடியாது. கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி, கடைசிவரை ஏதாவது ஒன்று பாக்கி இருந்துகொண்டே இருக்கும். எங்கள் நாலு பேருக்கும் உள்ள விதி: ஒரு பல்லவி, ஒரு சரணம். தாளத்தோடு, நிறுத்தாமல், ஒரே மூச்சில் போனில் பாடிப் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டாம் சரணம், இடையிசை, அனுபல்லவி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அது முடிந்த பாட்டு. அதற்கு ஒரு எண் போட்டு நோட்டில் எழுதிவிடுவோம்.

இது சோம்பேறிகளின் விதி என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் இரண்டு வருஷமாக ஒரே பாட்டுக்கு வயலின் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் படி: நாள் குறியுங்கள்

புளியந்தோப்பில் எனக்குத் தெரிந்த ஒரு கானா அண்ணன் இருக்கிறார். பகலில் ஆட்டோ ஓட்டுவார். சாவு வீட்டில் கூப்பிட்டால் டோலக்கோடும் இரண்டு பையன்களோடும் இரவு போய் உட்காருவார். ஒருநாள் அவர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது என் கஷ்டத்தைச் சொன்னேன்.

"அண்ணா, ஒரே பாட்ட வச்சிக்கிட்டு மூணு மாசமா முட்டிக்கிட்டு இருக்கேன். முடியவே மாட்டேங்குது."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மூணு மாசமா? நமக்கு ஏது தம்பி அவ்ளோ டைமு? நைட்டு பத்து மணிக்குக் கூப்டுவான். காலைல எட்த்துடுவாங்க. அதுக்குள்ள செத்தவரு பேரு, அவரு பார்த்த வேலை, பொஞ்சாதி புள்ளைங்க பேரு எல்லாம் பாட்ல வந்தாவணும். நல்லா கீதா இல்லியான்னு யாரு பாக்கறா? சனம் அயுவுதான்னு பாப்பேன்."

அவருக்கு ஒரு வருஷத்தில் எத்தனை பாட்டு வரும் என்று கேட்டேன். சிரித்தார். "யாரு எண்றது?" என்றார். வடசென்னையில் வளர்ந்த கானாவில் பெரும்பகுதி இப்படி நாளும் நேரமும் குறிக்கப்பட்ட இடத்தில் வளர்ந்ததுதான். கேட்க ஆள் காத்திருக்கிறது, பாட்டு வந்தே தீர வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் காத்திருப்பதில்லை. அதனால் வேண்டுமென்றே யாரையாவது காத்திருக்க வைக்க வேண்டும். அக்கா மகளின் பிறந்தநாள், ஆபீசில் ஒருவர் ஓய்வு பெறும் நாள், கொலு, பொங்கல். "அன்னைக்கு ஒரு பாட்டு பாடுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு பின்வாங்குவது பாட்டு எழுதுவதைவிடக் கஷ்டம். என் முதல் முழுப் பாட்டு அத்தையின் அறுபதாம் கல்யாணத்துக்கு எழுதியது. பாட்டு சுமார்தான். ஆனால் அந்தத் தேதிக்கு முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: ஐந்து ஸ்வரம் போதும்

மெட்டு போடத் தெரியாது, ராகம் தெரியாது என்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. வீட்டில் கீபோர்டு இருந்தால் (போனில் இலவச கீபோர்டு செயலி இருந்தாலும் சரி) கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். வெள்ளையைத் தொடவே வேண்டாம். நாலரைக் கட்டையை (மூன்று கறுப்புகள் சேர்ந்திருக்கிற இடத்தில் முதலாவது, F#) 'ச' என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது மோகனம். எங்கே கை வைத்தாலும் அபஸ்வரமாகத் தெரியாது.

அதே ஐந்து கறுப்புக் கட்டைகளில் 'ச'வை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றரைக் கட்டையில் (C#) வைத்தால் சுத்த சாவேரி. இரண்டரையில் (D#) சுத்த தன்யாசி. ஐந்தரையில் (G#) மத்யமாவதி. ஆறரையில் (A#) ஹிந்தோளம். ஐந்தே கட்டைகளில் ஐந்து ராகம். கர்நாடக சங்கீதத்தில் இதை கிரக பேதம் என்பார்கள். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, காதில் வித்தியாசம் நின்றால் போதும். மோகனத்தில் வெயில் அடிக்கும், ஹிந்தோளத்தில் விளக்கு ஏற்றியிருக்கும். இது என் காதுக்கு. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

முதல் நாலு பாட்டையும் இந்த ஐந்து கட்டைக்குள்ளேயே போடுங்கள். எல்லா ஸ்வரமும் கையில் இருந்தால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே ராத்திரி போய்விடும். ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகமெல்லாம் இப்போது வேண்டாம். முறையாகக் கற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்தான். அவர்கள் இதைப் படிக்க வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான்காம் படி: தத்தகாரம் முதலில், வார்த்தை அப்புறம்

புதியவர்கள் அதிக நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவது ஒரு வழி. மெட்டைப் போட்டுவிட்டு வார்த்தையைப் பொருத்துவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதில்தான் வேகம் வருகிறது. மெட்டைத் 'தன்னன தானானா' என்று வாயால் பாடிக்கொள்வது தத்தகாரம். எந்தெந்த இடத்தில் குறில் வேண்டும், எங்கே நெடில் வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களை அச்சிடும்போது ஒவ்வொன்றின் தலையிலும் 'தனதன தானன' என்று போட்டிருப்பார்களே, அதே கணக்குதான்.

பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த மாத்திரைக் கணக்கு இங்கே நிஜமாகவே உதவும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய்யெழுத்து அரை. பரீட்சைக்குப் பிறகு இது எதற்காவது பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் பாட்டு ஒன்றையே பிரித்துக் காட்டுகிறேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து முதல் ரயிலில் திரும்புகிறவனைப் பற்றியது. பெரம்பூரிலிருந்து பட்டரவாக்கம் வரை தினமும் மின்சார ரயிலில் போகிறேன். காலையில் எதிர்ப்பக்கம் வருகிற வண்டியில் ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்குகிற முகங்களைப் பார்ப்பேன். அதிலிருந்து வந்தது. மெட்டு ஆதி தாளம், ஒவ்வொரு அடியும் 'தன்னன தானானா'. எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரை, ஆக மொத்தம் பதினாறு. பாடும்போது 'தன்' மாதிரி மெய்யோடு சேர்ந்த குறிலும் நெடில் போல இரண்டு மாத்திரை நிற்கும், அதனால் 'தன்னன' நாலு மாத்திரையை எடுத்துக்கொள்ளும். 'தானானா' ஆறு. மிச்சம் ஆறும் கடைசி 'னா' மேல் நீண்டு நிற்கும்.

முதலில் நான் எழுதிய அடி: "கண்களில் உறக்கமே." காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. பாடினால் நெடில் விழ வேண்டிய 'தா' இடத்தில் 'உ' வந்து உட்கார்ந்துகொண்டது. மெட்டு அதை இழுக்க, "ஊறக்கமே" ஆனது. ஒரு வாரம் குரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோளாறு குரலில் இல்லை, சொல்லில்தான். 'உறக்கம்' போய் 'தூக்கம்' வந்ததும் அடி தானாகப் படிந்தது: "கண்ணுல தூக்கந்தான்." கண்-ணு-ல, தன்-ன-ன. தூக்-கந்-தான், தா-னா-னா. பேச்சுத் தமிழுக்கு இறங்கியதில் கொஞ்சம் மரியாதை போயிற்று. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் "கண்களில் உறக்கமே" என்றா சொல்வான்?

இரண்டாம் அடிக்கு "கையில பாத்திரம்" என்று போட்டேன். சாப்பாட்டு டப்பாவைச் சொல்கிறேனாம். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பாடிக் காட்டியபோது, "பாத்தீரம்னா யாரு மச்சி, பார்த்தீபனோட தம்பியா?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டான். நடுவில் இருந்த குறில் 'தி' நீண்டு 'தீ' ஆகியிருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை. மாற்றியது: "கையில சோத்துப்பை." சோத்-துப்-பை, தா-னா-னா. 'கண்ணுல', 'கையில' என்று மோனையும் அமைந்தது. அதற்காக நான் மெனக்கெடவில்லை, மெனக்கெட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடியின் கடைசி எழுத்தையும் பாருங்கள். நீண்டு நிற்கிற இடத்தில் ஆ, ஏ, ஓ, ஐ வந்தால் வாய் திறந்திருக்கும், குரல் நிற்கும். ம், ன் வந்தாலும் முனகிச் சமாளிக்கலாம். குற்றியலுகரம் வந்தால்தான் தொல்லை. 'சோறு', 'காற்று', 'பாட்டு' எல்லாம் கடைசியில் அரை மாத்திரையோடு சுருங்கிவிடுகிற சொற்கள். அதை ஏழெட்டு மாத்திரைக்கு இழுத்தால் "காற்றூஊஊ" என்று ஊளையிடுகிற மாதிரி ஆகும். 'காற்றிலே', 'பாட்டெல்லாம்' என்று வேற்றுமை உருபோ ஒட்டோ சேர்த்து வாயைத் திறந்துவிடுங்கள். பழைய பாட்டுகளில் 'லே', 'ஓ', 'அம்மா' எல்லாம் ஏன் அத்தனை முறை அடிக் கடைசியில் வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வார்த்தை வரவே மாட்டேன் என்கிறவர்கள் கொஞ்ச நாளைக்கு வேறொருவர் கவிதைக்கு மெட்டுப் போட்டுப் பழகலாம். பாரதியாரின் எழுத்துகள் 1949-இலேயே அரசுடைமை ஆனவை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு குறளை எடுத்தாலும் நல்ல பயிற்சி: மேலே நாலு சீர், கீழே மூன்று. அந்தக் குறைகிற ஒரு சீரின் இடத்தில் என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே ஒரு மெட்டு பிறந்துவிடும்.

ஐந்தாம் படி: பதிவும் பெயரும்

இங்கே சுருக்கமாக முடிக்கிறேன். முதல் பத்துப் பாட்டு வரை எதுவும் வாங்காதீர்கள். போன் போதும். நான் இரண்டாம் பாட்டு முடிந்த கையோடு ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கண்டென்சர் மைக் வாங்கி வந்தேன். அந்த ரக மைக் 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் உயிர்பெறும். அதைக் கொடுக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னிடம் இல்லை. நாலு மாதம் அது பீரோவில் சும்மா கிடந்தது. அந்த நாலு மாதமும் 'மைக் சரியானதும் எழுதலாம்' என்று நானும் சும்மாக் கிடந்தேன். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கேட்டார், நான்தான் தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

சத்தமில்லாத நேரம் சென்னையில் இரண்டுதான்: மத்தியானம் இரண்டரை மணி, ராத்திரி பதினொன்று. புடவைகள் தொங்குகிற பீரோவைத் திறந்து வைத்து அதற்குள் முகத்தை வைத்துப் பாடினால் எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்த வேண்டும், வியர்த்துக் கொட்டும். அதனால் பதிவு தானாகவே சீக்கிரம் முடியும்.

பதிவு செய்த அன்றைக்கே பெயர் மாற்றுங்கள். முதல் சொற்கள், சுருதி, வேகம்: 'கண்ணுல தூக்கம், ரெண்டு கட்டை, 84'. இது ஒன்றை ஒழுங்காகச் செய்திருந்தால் என்னுடைய 183 துணுக்குகளில் பாதியாவது பாட்டாகியிருக்கும். தியாகராஜர் பாடியவற்றில் இன்று 700 வரை நமக்குக் கிடைக்கிறது என்றால், அதற்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று அவருடைய சீடர்கள் பாடிப் பாதுகாத்ததும் எழுதி வைத்ததும் காரணம். நமக்குச் சீடர்கள் கிடையாது. போன்தான். அதையும் ரயிலில் தொலைத்துவிடுவோம் என்பதால் வாரம் ஒருமுறை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: நாலு பேரைச் சேருங்கள்

என் கணக்கில் மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவியது மூன்றாம் வருஷம். அந்த வருஷம் பிப்ரவரிச் சவாலைத் தவிர இன்னொன்றும் நடந்தது. நாலு பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட ஆரம்பித்தோம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தர், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர், படித்துவிட்டு வேலை தேடும் ஒரு தம்பி, நான். டீச்சரை எல்லோரும் அக்கா என்போம். அவர்தான் எங்களில் முறையாகப் பாட்டுக் கற்றவர், அவர்தான் எங்களில் அதிகம் மோசமான பாட்டு எழுதியவர். அவரே சொல்லிக்கொள்வார்.

விதி ஒன்றுதான். வரும்போது ஒரு முடிந்த பாட்டு கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர் மற்ற எல்லாருக்கும் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். பணம் பெரிதில்லை. பஜ்ஜிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும்போது எதிர்ப்படுகிற வீட்டுக்காரரெல்லாம் "என்ன தம்பி, இந்த மாசமும் பாட்டு இல்லியா?" என்று கேட்பார்களே, அதுதான்.

பாட்டைக் கேட்டபின் "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அதனால் யாருக்கும் பயனில்லை. எந்த வார்த்தை காதில் விழவில்லை, எங்கே மனசு வேறெங்கோ போயிற்று, எந்த இடத்தை இப்போதே திரும்பப் பாட முடிகிறது, இதை மட்டும் சொல்லச் சொல்வோம். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒருமுறை கேட்டவர் வாயில் ஒரு அடியாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் பல்லவி. நீங்கள் சரணம் என்று நினைத்திருந்தாலும் சரி, இடம் மாற்றிவிடுங்கள். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது.

மோசமான பாட்டுகளை என்ன செய்வது?

எண் போட்டு வைத்துக்கொள்வது. வேறென்ன?

என் 31-இல் வெளியாள் முன்னால் பாடக்கூடியது ஆறோ ஏழோ. எது தேறும் என்று எழுதும்போது எனக்குத் தெரிந்ததே இல்லை. பிப்ரவரியில் அவசர அவசரமாக, ஒரே ராத்திரியில், கடனுக்கு எழுதிய ஒன்றைத்தான் அக்கா இன்றுவரை முணுமுணுக்கிறார். ஆறு மாதம் செதுக்கியதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

வியன்னாவில் ஷூபர்ட் என்று ஒருவர் இருந்தார். 1815-இல் அவருக்கு வயது 18. அப்பா நடத்திய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே அந்த ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 140 பாட்டுகளுக்கு இசை அமைத்தார். வார்த்தை மற்றவர்களுடைய கவிதை, இசை அவருடையது. 31 வயதில் இறப்பதற்குள் 600-ஐத் தாண்டிவிட்டார். இன்று மேடைகளில் திரும்பத் திரும்பப் பாடப்படுவது அதில் ஒரு பகுதிதான். நாம் ஷூபர்ட் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பகலில் வேலை இருப்பதைக் காரணம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

இன்னொரு பயம், "இந்த மெட்ட எங்கியோ கேட்டிருக்கேனே" என்பது. எனக்கும் ஒவ்வொரு பாட்டிலும் வரும். ஐந்து ஸ்வரத்துக்குள் நடந்தால் பழைய பாட்டு எதையாவது இடிக்கத்தான் செய்யும், ஒரே ராகம் என்றால் ஜாடை இருக்கும். நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். முடித்தபின் நண்பர்களிடம் பாடிக் காட்டுங்கள். குறிப்பாக இன்ன பாட்டு என்று இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அந்த அடியை மட்டும் மாற்றினால் போதும்.

உரிமை பற்றி இரண்டு வரி

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருஷத்தது. பாட்டை எழுதிப் பதிவு செய்துவிட்டாலே உரிமை உங்களுக்கு உண்டு, எங்கும் போய்ப் பதிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அது நிற்கும். வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, இரண்டும் தனித்தனி. அதனால் சேர்ந்து எழுதினால் யார் வரி, யார் மெட்டு என்று அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அற்பமாகத் தோன்றும். பாட்டு நன்றாக வந்துவிட்டால்தான் சண்டை வரும்.

எப்போது உட்காருவது?

எனக்கு வரிகள் ரயிலில்தான் வருகின்றன. பெரம்பூரிலிருந்து பட்டரவாக்கம் இருபது நிமிஷம் சொச்சம், தண்டவாளமே தாளம் போடும். வில்லிவாக்கத்தில் கூட்டம் நெருக்குவதற்குள் ஒரு அடி கிடைத்துவிட்டால் அன்றைக்கு லாபம். மெட்டுக்கு மட்டும் வீட்டில் அரை மணி, வாரத்தில் மூன்று நாள். அதற்கு மேல் திட்டம் போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் ஒன்றில்லை. மே மாதத்தில் மொட்டை மாடித் தரை ராத்திரி ஒன்பது வரை சுடும், அப்போது ஒன்றும் எழுத வராது என்பது எங்கள் அனுபவம். மார்கழியில் நான் எழுதுவதில்லை. சபாக்களில் காலை, மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. போய்க் கேட்பேன், கேன்டீனில் சாப்பிடுவேன், அக்கா காதில் ராகத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்வேன். பொங்கல் முடிந்து காற்று இதமாக இருக்கும்போது தை பிறந்த கையோடு மெட்டுகள் வரிசையாக வரும். பிப்ரவரிக்கு அது தோதாக இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் ஓட்டத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம், 14 வேண்டாம், நாலு என்று குறித்துக்கொண்டு.

பத்துப் பாட்டு சேர்ந்ததும் அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, உங்களைத் தெரியாதவர்கள் முன்னால் பாடுங்கள். நகரத்தில் சில கஃபேக்களில் ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம்) வைக்கிறார்கள். ஐந்து, பத்து நிமிஷம் தருவார்கள். போனைப் பார்த்துப் பாடாதீர்கள், வரி மறந்தால் தத்தகாரத்தில் சமாளியுங்கள். முதல் முறை போனபோது இரண்டாம் அடி எனக்கு மறந்தே போயிற்று. 'தன்னன தானானா' என்று பாடிவிட்டுப் பல்லவிக்கு வந்தேன். நான் இறங்கி வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "அந்தத் தன்னன தானானா இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணா. வேணும்னேதானே அப்படிப் போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். 'கண்ணுல தூக்கந்தான்' பாட்டுக்கு இன்னமும் இரண்டாம் சரணம் இல்லை. நோட்டில் அதன் எண் 27.